பெரியப்பாவின் இரண்டு இசைத்தட்டுகள்: டெல்-வைகிங்ஸ் என்பது ஒரு குழுவா, இரண்டு குழுவா?

சாட்ஸ்வொர்த் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். போன மாதம் எங்கள் பெரியப்பா தவறிவிட்டார். காரியம் எல்லாம் முடிந்த பிறகு அவருடைய அறையை ஒழிக்கும் வேலை என்னிடம் வந்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு பெரிய பிஸ்கட் டின், அதற்குள் பழைய வேட்டித் துணியில் சுற்றி இரண்டு சின்னத் தட்டுகள். வீட்டில் இருந்த மற்றவை எல்லாம் 78 சுற்றுத் தட்டுகள், பாகவதர், சுந்தராம்பாள் என்று தமிழ்ப் பாட்டுகள். இந்த இரண்டு மட்டும் 45 சுற்று, நடுவில் எலுமிச்சம்பழம் நுழைகிற அளவுக்குப் பெரிய ஓட்டை. அந்த ஓட்டைக்குள் பொருந்துகிற மாதிரி மரத்தில் சீவிய ஒரு வளையமும் கூடவே இருந்தது, பேனாக்கத்தி பட்ட தடம் இன்னும் தெரிகிறது. பெரியப்பா ஐம்பதுகளில் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார், அமெரிக்கக் கப்பல்காரர் யாரோ கொடுத்தது என்று பெரியம்மா சொல்கிறார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

ஒரு தட்டு டாட் கம்பெனி, 'விஸ்பரிங் பெல்ஸ்' என்ற பாட்டு. இன்னொன்று மெர்க்குரி கம்பெனி, 'கூல் ஷேக்'. இரண்டிலும் பாடியவர்கள் டெல்-வைகிங்ஸ் என்றுதான் இருக்கிறது, ஆனால் ஒன்றில் ஒரு 'எல்', மற்றதில் இரண்டு 'எல்'. இணையத்தில் தேடினால் ஒரு படம் கிடைத்தது: ஐந்து பேர், ஒரே மாதிரி கோட்டு, கறுப்பரும் வெள்ளையரும் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். 1957. அந்த வருஷம் எங்கள் அப்பா மேகஸின் பேரக்ஸில் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பில் சின்னப் பையன், கடற்கரையில் எந்த மணலில் கால் வைக்கலாம் என்பதற்குக்கூட பலகை இருந்த காலம். படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கேள்வி இரண்டு. இது ஒரே குழுவா, பெயரைத் திருடிய இன்னொரு குழுவா? அப்புறம், 1957-க்குப் பிறகு இவர்களுடைய பெரிய பாட்டு எதுவும் கண்ணில் படவில்லையே, ஏன்? இனம் கலந்து பாடினார்கள் என்பதற்காகப் பிரித்துவிட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தட்டு சேகரிப்பவன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

தம்பி, முதலில் பெரியப்பாவுக்காக வருந்துகிறேன். அந்த இரண்டையும் தயவுசெய்து வேட்டித் துணியிலிருந்து எடுத்துக் காகித உறையில் போடுங்கள், துணியின் தூசி தடத்துக்குள் இறங்கிவிடும்.

உங்கள் கையில் இருப்பது வெறும் இரண்டு தட்டு இல்லை, ஒரு குழு இரண்டாக உடைந்த வருஷத்தின் இரண்டு துண்டு. எழுத்துக்கூட்டலை நம்பவே நம்பாதீர்கள், அந்தக் காலத்தில் கம்பெனிக்குக் கம்பெனி இஷ்டத்துக்கு அச்சடித்தார்கள். கம்பெனி பெயரைத்தான் பார்க்க வேண்டும்.

கதை இப்படி. 1955, 56 வாக்கில் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்த இளைஞர்கள் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். கிளாரன்ஸ் குயிக் கட்டைக்குரல், கிரிப் ஜான்சன், டான் ஜாக்சன், இன்னும் இரண்டு பேர். தொடக்கத்தில் ஐந்து பேரும் கறுப்பர்கள்தான். படை என்றால் மாற்றல் உத்தரவு வருமல்லவா, இரண்டு பேரை ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள். காலியான இடத்துக்கு அதே தளத்தில் இருந்து நார்மன் ரைட் வந்தார், கூடவே டேவிட் லெர்ச்சி என்ற வெள்ளைக்காரப் பையனும் வந்தார். பிறகு டான் ஜாக்சன் போன இடத்துக்கு கஸ் பேக்கஸ், அவரும் வெள்ளைக்காரர். கலப்புக் குழு ஒன்று வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டதாகத் தெரியவில்லை. ஒரே தளத்தில் இருந்தார்கள், ஒரு குரல் குறைந்தது, பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டார்கள்.

பக்கத்தில் எப்படி இருந்தான் என்பதுதான் விஷயமே. 1948 ஜூலையில் ஜனாதிபதி ட்ரூமன் படைகளில் இனப் பிரிவினை கூடாது என்று உத்தரவு போட்டார். அதற்கு முன்னால் என்றால் லெர்ச்சியும் ரைட்டும் ஒரே படைப்பிரிவில் இருந்திருக்கவே மாட்டார்கள். அதே 1948-இல், இரண்டு மாசம் முன்னால், மே மாதத்தில் இங்கே என்ன நடந்தது என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நிறவெறிக் கொள்கை கொண்ட தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அங்கே ஒரு கதவு திறந்த வருஷத்தில் இங்கே எல்லாக் கதவுக்கும் பூட்டு வாங்கினார்கள்.

குயிக் எழுதிய 'கம் கோ வித் மீ' பாட்டை பிட்ஸ்பர்க்கின் ஃபீ பீ என்ற சின்னக் கம்பெனி வெளியிட்டது. தாங்க முடியாத அளவுக்கு ஆர்டர் வந்ததும் டாட் கம்பெனி எடுத்து நாடு முழுக்க விற்றது. 1957-இல் அமெரிக்கப் பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் 4-ஆம் இடம். முன்பாட்டு நார்மன் ரைட். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து பாடிய குழு ஒன்று அவ்வளவு உயரம் ஏறியது அன்றைக்கு அபூர்வம்.

அந்தப் பாட்டின் தொடக்கத்தைக் கேட்டிருக்கிறீர்களா? கட்டைக்குரல் 'டொம் டொம் டொம்' என்று ஜதி சொல்கிற மாதிரி இறங்கும், அர்த்தம் ஒன்றும் கிடையாது, ஆனால் பாட்டுக்கு மத்தளமே அதுதான். தெருக்கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் இழுத்துப் பிடித்துக்கொள்ள முன்பாட்டுக்காரர் மேலே தாவுவார் பாருங்கள், அதே வேலைப் பங்கீடு. வாத்தியம் வாங்கக் காசில்லாத பையன்கள் தெருமுனையில் நின்று வாயாலேயே எல்லா வாத்தியத்தையும் வாசித்த பாட்டு இது. பதிவில் சாக்ஸபோன் வரும், அது கூடுதல் அலங்காரம்தான், எடுத்துவிட்டாலும் பாட்டு நிற்கும்.

இப்போது உடைந்த கதை. ஒப்பந்தம் போடும்போது கிரிப் ஜான்சனைத் தவிர மற்றவர்களுக்கு 21 வயது நிரம்பவில்லை. மேனேஜர் அதைக் கண்டுபிடித்தார். மைனர் போட்ட கையெழுத்து செல்லாது, ஆகவே நான்கு பேரையும் மெர்க்குரி கம்பெனிக்குக் கூட்டிப் போய்விட்டார். கிரிப் வயது வந்தவர், அவர் கையெழுத்து செல்லும், அவரால் நகர முடியவில்லை. அவர் பழைய கம்பெனியிலேயே வேறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு குழுவைத் தொடர்ந்தார். அந்தப் புது ஆட்களில் ஒருவர் சக் ஜாக்சன், பின்னால் தனிப் பாடகராகப் பெயர் வாங்கினார். 1957 கோடையில் கிரிப் முன்பாட்டுப் பாடிய 'விஸ்பரிங் பெல்ஸ்' 9-ஆம் இடம், மெர்க்குரிக்காரர்களின் 'கூல் ஷேக்' 12-ஆம் இடம். கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், ஒரே பெயரில், இரண்டு கம்பெனி! கடையில் தட்டு கேட்கிறவனுக்கு யார் யார் என்றே தெரியாது. கடைசியில் வழக்காகி, பெயர் மெர்க்குரிக்குப் போனது. கிரிப் ஒப்பந்தம் முடிந்ததும் 1958-இல் பழைய நண்பர்களிடமே திரும்பி வந்தார், ஆனால் அதற்குள் ரசிகர்கள் வேறு பாட்டுக்குப் போய்விட்டார்கள். பட்டியலில் அந்த உயரத்தை அவர்கள் மறுபடி தொடவே இல்லை.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: இவர்களைப் பிரித்தது தோல் நிறம் இல்லை, பிறந்த தேதி. ஒரு சின்னக் கொசுறு, கஸ் பேக்கஸையும் படை ஜெர்மனிக்கு மாற்றியது, அவர் அங்கேயே ஜெர்மன் மொழியில் பாடிப் பெரிய நட்சத்திரம் ஆகிவிட்டார்.

லெனேசியா அக்கா:

அண்ணா, நீங்கள் சொன்ன விவரம் எல்லாம் சரி, ஆனால் அந்த 'தோல் நிறம் இல்லை' என்ற வாக்கியத்தை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. டெல்-வைகிங்ஸுக்கு ஒப்பந்தம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். அதே பிட்ஸ்பர்க்கில் நான்கு வருஷம் கழித்து என்ன நடந்தது? மார்செல்ஸ் என்று ஒரு குழு, மூன்று கறுப்பர், இரண்டு வெள்ளையர். 1934-இல் ராட்ஜர்ஸும் ஹார்ட்டும் எழுதிய 'ப்ளூ மூன்' என்ற மெதுவான காதல் பாட்டை எடுத்து, கட்டைக்குரலில் பாம்பா பாம்பா என்று ஒரு வெடியைக் கொளுத்தி முன்னால் வைத்துப் பாடினார்கள். 1961 ஏப்ரலில் மூன்று வாரம் முதலிடம். இங்கிலாந்திலும் முதலிடம். அதற்கப்புறம் அமெரிக்கத் தெற்கு மாநிலங்களுக்குக் கச்சேரிக்குப் போக வேண்டும். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் ஏறினால் அங்கே பிரச்சினை. அந்த வருஷமே நாஸும் பிரிக்கரும், இரண்டு வெள்ளைக்காரர்களும், வெளியேறினார்கள், குழு முழுக்கக் கறுப்பர் குழு ஆனது. 'ஹார்ட்டேக்ஸ்' என்று இன்னும் ஒரு பாட்டு 7-ஆம் இடம் வரை போனது, அத்தோடு சரி.

வானொலியில் குரலுக்கு நிறம் தெரியாது, அதனால் பட்டியலில் ஏற முடிந்தது. பேருந்தில் ஏறி ஊர் ஊராகப் போகும்போது முகம் தெரியும். தட்டு விற்றால் கம்பெனிக்குக் காசு, பாடகன் சாப்பிடுவது கச்சேரிக் காசில். அந்தக் கச்சேரியை நிறுத்திவிட்டால் ஒப்பந்தத்தைக் கிழிக்கவே தேவையில்லை, குழு தானாகவே கரைந்துவிடும். தம்பி கேட்டதில் தப்பு இல்லை, குழுவைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார்.

டர்பன்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊர் ஃப்ளேம்ஸ் குழுவை நினைவிருக்கிறதா? ஃபத்தார் சகோதரர்களும் பிளான்டி சாப்ளினும். 1958-இல் இம்ப்ரெஷன்ஸ் குழு ஜெரி பட்லரோடு பாடிய 'ஃபார் யுவர் பிரெஷஸ் லவ்' பாட்டை இவர்கள் 1968-இல் பாடி இங்கே பெரிய வெற்றி. என் மாமா கல்யாணத்தில் அதைப் போடாமல் சாப்பாட்டுப் பந்தி தொடங்கவில்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். பிறகு லண்டன், அங்கிருந்து அமெரிக்கா, 1972-இல் ரிக்கி ஃபத்தாரும் பிளான்டி சாப்ளினும் பீச் பாய்ஸ் என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் குழுவிலேயே சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் விலகிச் சில வருஷம் கழித்து 1978-இல் பீச் பாய்ஸ் எந்தப் பாட்டை எடுத்துப் பாடினார்கள் தெரியுமா? நம் தம்பி தேடுகிற குழுவின் 'கம் கோ வித் மீ'. அது தனித் தட்டாக வந்து அமெரிக்காவில் 18-ஆம் இடம் வரை ஏறியது.

தட்டு சேகரிப்பவன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

அக்கா சொல்வது நியாயம், அந்த வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன். டெல்-வைகிங்ஸ் உடைந்ததற்கு ஒப்பந்தம் காரணம் என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

பீச் பாய்ஸ் என்றதும் ஞாபகம் வந்தது. 1957 ஜூலை 6, லிவர்பூல் பக்கத்தில் வூல்டன் என்ற இடத்தில் ஒரு தேவாலயத் திருவிழா. பின்னால் பீட்டில்ஸ் குழுவில் புகழ்பெற்ற ஜான் லெனன், அன்றைக்குப் பதினாறு வயதுப் பையன், மேடையில் இந்த 'கம் கோ வித் மீ' பாட்டைத்தான் பாடுகிறான், வரிகள் சரியாகத் தெரியாது, வாய்க்கு வந்ததைப் போட்டு நிரப்புகிறான். கூட்டத்தில் நின்று அதைக் கவனித்தவர் பால் மெக்கார்ட்னி, பிறகு அதே பீட்டில்ஸில் லெனனின் கூட்டாளி. இரண்டு பேரும் முதல்முதலாகப் பழகியது அன்றைக்குத்தான்.

மேவில் தாத்தா:

பேரன் உதவியோடு தட்டச்சு செய்கிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். எனக்கு இப்போது எண்பது வயது. 1957-இல் பன்னிரண்டு. வீடு கேட்டோ மேனர், பெல்லேர் ரோடுக்கு மேலே, தகரக் கூரை, பின்னால் வாழையும் மேதிக்கீரையும்.

இந்தப் பாட்டை நான் கேட்டது எல்.எம். ரேடியோவில். லொரென்சோ மார்க்கெஸ், இன்றைய மபூட்டோ, மொசாம்பிக்கிலிருந்து சிற்றலையில் வரும். இங்குள்ள அரசாங்க வானொலி போடாததை எல்லாம் அவர்கள் போடுவார்கள். இரவில் அலை ஏறி இறங்கும், பாட்டு நடுவில் கடல் இரைகிற மாதிரி சத்தம் வரும், அப்போது அண்ணன் வயரைப் பிடித்துக்கொண்டு கூரைப் பக்கம் நிற்பார். பாடியவர்கள் என்ன நிறம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? கறுப்பர்கள் என்றுதான் நினைத்தோம். தம்பி சொன்ன அந்தப் படத்தை என் பேரன் நேற்றுத்தான் காட்டினான். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நாங்களும் பாடினோம். நான்கு பேர். நான், எங்கள் பெரியம்மா மகன், பக்கத்துத் தெருவில் கலர்ட் (கலப்பினத்தவர் என்று அரசாங்கம் வகைப்படுத்தியவர்கள்) பையன் ஒருவன், அப்புறம் கீழே ஓடைப் பக்கம் குடிசையில் இருந்த ஜூலுப் பையன். கட்டைக்குரல் அவன்தான், பதினைந்து வயதிலேயே நெஞ்சிலிருந்து உருமி மாதிரி வரும். குழுவுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. கடை வாசல் திண்ணையில் நின்று பாடுவோம், கடைக்கார மாமா சில நாள் ஆளுக்கு ஒரு முறுக்கு கொடுப்பார், சில நாள் தண்ணீர் ஊற்றி விரட்டுவார்.

அம்மாவுக்கு முதலில் அவன் வருவது பிடிக்கவில்லை. 1949 ஜனவரியில் இந்தியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் இடையிலான கலவரம் அவர் கண் முன்னால் நடந்தது, எங்கள் சித்தப்பா கடை எரிந்தது, அந்தப் பயம் மனசை விட்டுப் போகவில்லை. அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு புரட்டாசி சனிக்கிழமை அவனும் வந்து வாசலில் நின்றான், அம்மா ஒன்றும் பேசாமல் நான்கு இலை போட்டார். சாம்பார் ஊற்றும்போது அவனைப் பார்த்து 'போதுமா' என்று தமிழில் கேட்டார், அவனும் 'போதும்மா' என்றான். எங்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றது.

எங்களைச் சேர்ந்து பாடக்கூடாது என்று யாரும் வந்து சொல்லவில்லை. வீட்டைத்தான் பிரித்தார்கள். குரூப் ஏரியாஸ் சட்டம், எந்த இனத்தார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று பிரித்த சட்டம். அவன் குடும்பத்தை முதலில், 1958 கடைசியில், லாரியில் ஏற்றி குவாமாஷுவுக்கு அனுப்பினார்கள். கலர்ட் பையன் குடும்பம் வென்ட்வொர்த். எங்களுக்கு 1964-இல் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது, சாட்ஸ்வொர்த்தில் வீடு. டவுனுக்கு வடக்கே ஒருவன், தெற்கே ஒருவன், தென்மேற்கே நாங்கள். கடைசி பஸ் எட்டரை மணிக்கு. மூன்று பஸ் மாறி வந்து யார் ஒத்திகை பார்ப்பது?

அதனால்தான் முன்னால் தட்டு சேகரிக்கும் தம்பி எழுதிய அந்த ஒரு வரி எனக்குப் போதும்: பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டார்கள். எங்களுக்கு எடுத்துக்கொண்டது அந்தப் பக்கத்தைத்தான். அமெரிக்கப் படையில் எல்லாம் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே தளத்தில் தங்க வைத்தார்கள், பையன்கள் பாடிவிட்டார்கள்.

எங்கள் கட்டைக்குரல்காரனை எழுபதுகளில் ஒரு தடவை விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் பார்த்தேன். மீன் பக்கம். கையில் குழந்தை. ஒரு நிமிஷம் யார் என்று தெரியாமல் நின்று, பிறகு அவன்தான் குனிந்து 'டொம் டொம்' என்றான். அதன் பிறகு பார்க்கவில்லை.

சாட்ஸ்வொர்த் பையன்:

தாத்தா, உங்கள் பதிவைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லோருக்கும் நன்றி, நான் இரண்டு வரிப் பதில் வரும் என்றுதான் நினைத்தேன்.

நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து பிளேயர் இரவல் வாங்கி, காகித உறையில் மாற்றிவைத்த தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். மர வளையம் இன்னும் இறுக்கமாகப் பொருந்துகிறது, ஆனால் மயிரிழை அளவு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் பாட்டு லேசாக ஏறி இறங்குகிறது. புது பிளாஸ்டிக் வளையம் வாங்கலாம் என்று நினைத்தேன். 'விஸ்பரிங் பெல்ஸ்' ஓடும்போது பெரியம்மா ரொட்டி மாவு ஒட்டிய கையோடு சமையலறையிலிருந்து வந்து கதவோரம் நின்றார். சவரம் செய்யும்போது பெரியப்பா சீட்டியடித்தது இந்தப் பாட்டுத்தானாம், ஏறி இறங்குவதையும் சேர்த்தே அடிப்பாராம். நாற்பது வருஷம் அது அவர் சீட்டியின் கோளாறு என்று நினைத்தேன் என்றார். ஆகவே வளையத்தை மாற்றவில்லை.

தாத்தா, நீங்களும் சாட்ஸ்வொர்த் என்றால் எந்த யூனிட் என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. பிளேயரையும் தட்டையும் எடுத்துக்கொண்டு வருகிறேன், பெரியம்மாவும் வருகிறேன் என்கிறார்.

மேவில் தாத்தா:

யூனிட் 5. பத்து மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன்னால் கோயில். வளையத்தை மறக்காதே.